உயர்விலை மதர்போர்டை மதிப்பிடுவது எப்படி? தோற்றப் பரிசோதனை முதல் சோதனை மேடை வரை

2021 நவம்பரில், இன்டலின் 12ஆம் தலைமுறைப் பிராசசர்களோடு சேர்ந்து சந்தைக்கு வந்தது அசூஸ் ஆர்ஓஜி மேக்சிமஸ் இசட்690 ஹீரோ என்ற மதர்போர்டு (கணினியின் பாகங்கள் எல்லாம் பொருந்தும் தாய்ப் பலகை). விலை அறுநூறு டாலர். இரண்டு மாதம் முடிவதற்குள் சில பலகைகள் '53' என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுபோயின. சிலவற்றில் ரேம் வரிசையை ஒட்டியுள்ள மாஸ்ஃபெட்டுகள் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சில்லுகள்) கருகின. ஓர் உற்பத்தி வரிசையில், ரேமுக்கான மின்சுற்றில் வரும் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) ஒன்று திசை மாறிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். டிசம்பர் இறுதியில் அசூஸ் இதை ஒப்புக்கொண்டு, பலகைகளை மாற்றித் தருவதாக அறிவித்தது.

அந்தப் பழுது முதலில் வெளிப்பட்டது புகைப்படங்களில்தான். கருகிய பலகையின் படத்தையும் ஒழுங்காக ஓடும் பலகையின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள், அந்தக் கெப்பாசிட்டரின் மேல் அச்சிட்ட எழுத்து ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் இருப்பதைக் கண்டார்கள்.

மதர்போர்டு விமர்சனங்களில் 'தோற்றம்' என்ற பகுதி பெரும்பாலும் நிறம், விளக்கு, பெட்டியோடு வந்த ஸ்டிக்கர் என்று முடிந்துவிடுகிறது. அது அந்தப் பகுதிக்குச் செய்யும் அநியாயம். பலகையைக் கையில் வைத்து நிதானமாகப் பார்ப்பதே முதல் சோதனை. பார்க்கும்போது எழும் ஒவ்வொரு கேள்வியையும் குறித்துக்கொள்ள வேண்டும். சோதனை மேடையில் அந்தக் கேள்விக்கு ஓர் அளவீடு பதில் சொல்ல வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இன்டலின் எல்ஜிஏ1700, ஏஎம்டியின் ஏஎம்5 ஆகிய இரு சாக்கெட் (பிராசசர் பொருந்தும் இடம்) வகைப் பலகைகளிலிருந்து.

மின்சாரம் கொடுக்கும் முன்: படம் எடுங்கள்

பெட்டியின் முத்திரை, அதன்மேலுள்ள வரிசை எண், பலகையில் ஒட்டியிருக்கும் வரிசை எண் மூன்றையும் படம் எடுங்கள். பிறகு பலகையின் முன்புறம், பின்புறம், நான்கு மூலைகள், சாக்கெட். நேர் மேலிருந்து ஃப்ளாஷ் இல்லாமல், சன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்துகள் தெளிவாகப் படியும். பின்னாளில் ஏதாவது கருகினால், தொடக்கத்தில் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்று இந்தப் படங்கள்.

கையில் நிலைமின் பட்டை அணிந்துகொள்ளுங்கள். பலகையின் விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள்; ஹீட்சிங்கை (வெப்பத்தை உறிஞ்சி வெளியேற்றும் உலோகத் தொகுதி) பிடித்துத் தூக்கும் பழக்கம் வேண்டாம்.

சாக்கெட்

தோற்றப் பரிசோதனையில் அதிக நேரம் இங்கே செலவாக வேண்டும். எல்ஜிஏ1700இல் 1,700 பின்கள், ஏஎம்5இல் 1,718. இவை பிராசசரில் அல்ல, பலகையில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் ஒரு ரேம் சேனலோ (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை) சில பிசிஐஇ தடங்களோ (கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி போன்றவற்றுக்கான தரவுப் பாதைகள்) காணாமல் போகலாம். பின் வளைந்த பலகைக்கு உத்தரவாதமும் பொதுவாகக் கிடைக்காது.

மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. டார்ச்சை சாக்கெட்டின் விளிம்பை ஒட்டித் தாழ்வாகப் பிடித்து, ஒளி பின்களின் மேல் சாய்வாக விழும்படி செய்யுங்கள். எல்லா முனைகளும் ஒரே சீராக, கோடு கோடாக மினுங்க வேண்டும். ஒரு முனை மட்டும் இருண்டு இருந்தாலோ, வரிசையைவிட்டு விலகி ஒளிர்ந்தாலோ அது வளைந்த பின். பலகையைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறைந்திருப்பது அடுத்த பக்கத்திலிருந்து காட்டிக்கொடுக்கும். கைபேசியில் பெரிதாக்கி ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

எல்ஜிஏ1700 வாங்குபவர்கள் இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். இந்தச் சாக்கெட்டின் நீள்வடிவப் பிராசசரை அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் நடுப்பகுதியில் மட்டும் அழுத்துவதால், பிராசசரின் மேல்தகடு நாளடைவில் சற்றே வளைகிறது. அதைத் தடுக்கத் தனிச் சட்டங்கள் விற்கின்றன. மதிப்பீட்டுக்கு மட்டும் பலகையோடு வந்த சட்டத்தையே பயன்படுத்துங்கள். வாங்குபவர் கையில் கிடைப்பது அதுதான்.

வி.ஆர்.எம்.மும் அதன் ஹீட்சிங்கும்

பிராசசருக்குத் தேவையான ஒரு வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தத்தை, பவர் சப்ளையின் 12 வோல்ட்டிலிருந்து இறக்கித் தருவது வி.ஆர்.எம். விலை உயர்ந்த பலகையின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதும் இதிலுள்ள பவர் ஸ்டேஜுகளின் (மின்னழுத்தத்தை இறக்கித் தரும் சிறு சில்லுகளின்) எண்ணிக்கைதான். மேலே சொன்ன ஹீரோ பலகையில் 20+1 பவர் ஸ்டேஜ். ஒவ்வொன்றும் 90 ஆம்பியர் தாங்கும்.

இந்த எண்ணைப் பார்த்து மயங்காமல் இருக்க ஒரு சிறு கணக்கு போதும். கோர் ஐ9-14900கே பிராசசரின் உச்ச மின்வரம்பு 253 வாட். 1.3 வோல்ட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 195 ஆம்பியர். இருபது ஸ்டேஜுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்குப் பத்து ஆம்பியர்கூட வரவில்லை. ஆக, வரம்புக்குள் ஓட்டுபவருக்கு 90 ஆம்பியரா 105 ஆம்பியரா என்பது முடிவைத் தீர்மானிக்கும் கேள்வியே அல்ல. சுமை திடீரென ஏறி இறங்கும்போது மின்னழுத்தம் எவ்வளவு நிலையாக நிற்கிறது, உண்டாகும் வெப்பம் எங்கே போகிறது என்ற இரண்டும்தான் கேள்வி.

வெப்பத்தைப் பற்றிக் கண்ணே பாதி சொல்லிவிடும். ஹீட்சிங்கைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். காற்று புகுந்து வெளியேற இடைவெளியுள்ள செதில்கள் இருக்கின்றனவா, அல்லது ஒரே கட்டி அலுமினியமா? மேலே தெரியும் பெரிய மூடி உலோகமா, ஹீட்சிங்கை மறைத்துக் காற்றையும் தடுக்கும் பிளாஸ்டிக்கா? நகத்தால் மெல்லத் தட்டினால் ஓசையே சொல்லும். இடப்பக்க, மேற்பக்க ஹீட்சிங்குகளை ஒரு ஹீட்பைப் (வெப்பம் கடத்தும் குழாய்) இணைக்கிறதா? பலகையின் பின்னாலிருந்து திருகு போட்டு இறுக்கியிருக்கிறார்களா, ஸ்பிரிங் ஆணியால் குத்தியிருக்கிறார்களா? அறுநூறு டாலர் பலகையில் ஸ்பிரிங் ஆணி இருந்தால் அதை நான் குறையாகவே எழுதுவேன்.

மற்ற பகுதிகளைச் சுற்றி வருதல்

பலகையைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். பற்றவைப்பு முனைகள் ஒரே உயரத்தில் சீராக இருக்க வேண்டும். இடையில் ஃப்ளக்ஸ் (பற்றவைப்புக்குப் பூசும் பசை) கறை, உருண்டு நிற்கும் சிறு ஈயத்துளி இருக்கக் கூடாது. முன்புறத்தில் துருவக் குறியுள்ள கெப்பாசிட்டர்கள் ஒவ்வொன்றையும் அதே மாடலின் அதிகாரப்பூர்வப் படத்தோடு ஒப்பிடுங்கள். இதற்குச் சில நிமிடங்கள் போதும், ஹீரோ விவகாரத்துக்குப் பிறகு இதை விட்டுவிட எந்தக் காரணமும் இல்லை.

அளவையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு என்றால் 305 × 244 மில்லிமீட்டர். 'இ-ஏடிஎக்ஸ்' என்ற பெயரில் வரும் பலகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலம். பல கேபினெட்டுகளில் கேபிள் நுழையும் துளைகளை இவை மூடிவிடும். கேபினெட் வாங்குபவருக்கு இந்த ஒரு எண் விளக்கு அலங்காரம் எல்லாவற்றையும்விடப் பயன்படும்.

அடுத்தது அமைப்பு. கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய பிறகு அதை விடுவிக்கும் கொண்டியை விரல் எட்டுமா? இதற்கென்று தனிப் பொத்தான் வைத்திருக்கிறார்களா? முதல் எம்.2 இடம் (பட்டை வடிவ எஸ்எஸ்டி சேமிப்பகம் பொருந்தும் இடம்) கார்டுக்கு அடியில் சிக்குகிறதா? விசிறி இணைப்புகள் மேல்விளிம்பில் போதுமான அளவு உள்ளனவா? இரண்டு இலக்கப் பிழைகாட்டி, பவர் பொத்தான், பிராசசர் இல்லாமலே பயாஸ் (பலகையைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றும் வசதி ஆகிய மூன்றும் இந்த விலையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

விளக்கு இணைப்புகளில் ஓர் எச்சரிக்கை: மூன்று முனை இணைப்பு 5 வோல்ட், நான்கு முனை இணைப்பு 12 வோல்ட். 5 வோல்ட் விளக்குப் பட்டையை 12 வோல்ட்டில் செருகினால் பட்டை அந்த நொடியே போய்விடும். பலகையில் இவ்விரண்டும் பக்கத்துப் பக்கத்தில், தெளிவான எழுத்து இல்லாமல் இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள்.

அழகைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். பணம் கொடுப்பவர் அதற்கும் சேர்த்தே கொடுக்கிறார். விளக்கு அணைந்த நிலையில் முதலில் பாருங்கள். மூடிகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் இடைவெளி சீராக இருக்கிறதா, கறுப்பு நிறம் எல்லாப் பாகங்களிலும் ஒரே கறுப்பா, திருகுகளின் நிறம் பொருந்துகிறதா, கண்ணாடிப் பளபளப்புள்ள மூடி முதல் தொடுகையிலேயே கைரேகையை வாங்கிக்கொள்கிறதா என்பவை விளக்கு எரியும்போது தெரியாது. அணைந்திருக்கும்போதும் நன்றாக இருக்கும் பலகையே நல்ல வடிவமைப்பு என்பது என் கருத்து.

விவரப் பட்டியலில் ஒளிந்திருப்பது

மேடைக்குப் போகும் முன் கையேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் தவறாமல் படியுங்கள்: தடங்கள் பகிரப்படும் அட்டவணை. இன்டலின் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளில் பிராசசரிலிருந்து நேரடியாக வருவது பதினாறு பிசிஐஇ 5.0 தடம், நான்கு பிசிஐஇ 4.0 தடம், அவ்வளவுதான். எனவே எல்ஜிஏ1700 பலகையில் 'ஐந்தாம் தலைமுறை எம்.2' என்று எழுதியிருந்தால், அந்த நான்கு தடங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் பதினாறிலிருந்து எடுக்கப்பட்டவை. அங்கே எஸ்எஸ்டி பொருத்தினால் கார்டு எட்டுத் தடத்துக்கு இறங்கும். ஏஎம்டியின் ரைசன் 7000 பிராசசர் வரிசையில் பயன்படுத்தக்கூடிய தடங்கள் 24 என்பதால் கார்டுக்குப் பதினாறு போக, எம்.2க்கென்று தனியே தடங்கள் கிடைக்கின்றன. இதைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு கார்டு உண்மையில் எத்தனை தடத்தில் ஓடுகிறது என்பதை ஜிபியு-இசட் மென்பொருளில் சரிபாருங்கள்.

சோதனை மேடை அமைத்தல்

திறந்த சோதனைச் சட்டம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியே போதும். நிலைமின் தடுப்புப் பையின் மேல் மட்டும் பலகையை வைத்து ஓட்டாதீர்கள். அந்தப் பை மின்காப்பு அல்ல.

வி.ஆர்.எம்.ஐ மதிப்பிட வேண்டுமென்றால், அந்தச் சாக்கெட்டில் அதிக மின்சாரம் இழுக்கும் பிராசசரையே போடுங்கள். 65 வாட் பிராசசரில் எந்தப் பலகையும் நல்ல பிள்ளையாகவே இருக்கும்.

கூலர் தேர்வில்தான் பல சோதனைகள் பிசகுகின்றன. கோபுர வடிவக் காற்றுக் கூலரின் விசிறி வி.ஆர்.எம். மேலும் காற்றை அள்ளிவிடும். நீர்க் கூலர் பிராசசரை மட்டும் குளிர்வித்துவிட்டு வி.ஆர்.எம்.ஐச் சும்மா விட்டுவிடும். விலை உயர்ந்த பலகை வாங்குவோரில் பெரும்பாலோர் போடுவது 360 மில்லிமீட்டர் நீர்க் கூலர். எனவே சோதனையிலும் அதையே போட்டு, ரேடியேட்டரை அதன் காற்று பலகைமேல் படாத தூரத்தில் தள்ளி வையுங்கள். மேசைமேல் சுழலும் விசிறியை நிறுத்திவிடுங்கள். இரண்டு 8 முனை பிராசசர் மின்இணைப்புகளும் இருந்தால் இரண்டையும் பொருத்துங்கள்.

வெப்பம் அளக்கப் பலகையின் உள்ளுணரியை மட்டும் நம்ப வேண்டாம். அது எங்கே பதிக்கப்பட்டிருக்கிறது என்பது பலகைக்குப் பலகை மாறும். இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடவே முடியாது. கே வகை தெர்மோகப்பிள் (கம்பி வடிவ வெப்ப உணரி) ஒன்றை, பலகையின் பின்புறம் பவர் ஸ்டேஜுகளுக்கு நேர் கீழே வெப்பம் தாங்கும் காப்டன் டேப்பால் ஒட்டுங்கள். இன்னொன்றை மேடைக்குப் பக்கத்தில், வெப்பக்காற்று படாத இடத்தில் அறை வெப்பம் அளக்கத் தொங்கவிடுங்கள்.

வெப்பக் கேமரா வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளபளக்கும் வெற்று அலுமினியம் தன் வெப்பத்தை அகச்சிவப்பாக மிகக் குறைவாகவே வெளிவிடும். எதிரே இருக்கும் பொருள்களின் வெப்பத்தைத்தான் பிரதிபலிக்கும். கேமராவில் ஹீட்சிங்க் குளிர்ந்ததுபோல் தெரியும், தொட்டால் சுடும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு மின்காப்பு டேப் ஒட்டி, கேமராவின் கதிர்வீச்சு மதிப்பை (பரப்பு அகச்சிவப்பை வெளிவிடும் விகிதம்) 0.95 என்று வைத்து டேப்பின் மேல் அளந்தால் உண்மையான எண் வரும்.

அறை வெப்பத்தை எழுதாத அளவீடு எதற்கும் உதவாது. மே மாதச் சென்னையில் குளிர்சாதனம் இல்லாத அறை 34 டிகிரியைத் தாண்டும். ஓர் ஐரோப்பிய ஆய்வகம் 21 டிகிரியில் அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 65 டிகிரி காட்டிய வி.ஆர்.எம். இங்கே 78ஐ ஒட்டிக் காட்டினால் பலகையில் குறையில்லை. இரண்டிலும் அறைக்கு மேலான உயர்வு 44தான். எப்போதும் இந்த உயர்வையே முதன்மை எண்ணாகக் கொடுங்கள்.

முதல் தொடக்கமும் பயாஸும்

முதல் முறை இயக்கும்போது திரை பல நிமிடம் இருண்டே இருக்கலாம். டிடிஆர்5 ரேமுக்குப் பலகை நேரக்கணக்குகளைப் பயிற்சி எடுத்துக்கொள்கிறது. ஏஎம்5இல் இது இன்னும் நீளும். பதறி மின்சாரத்தை நிறுத்தாமல் பிழைகாட்டி எண்களைக் கவனியுங்கள். அவை மாறிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது.

பயாஸைப் புதிய பதிப்புக்கு ஏற்றிய பிறகே எந்த அளவீட்டையும் தொடங்குங்கள். இதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. 2023இல் சில ஏஎம்5 பலகைகளில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் கருகின. அதன் பின்னர் ஏஎம்டி, எஸ்ஓசி மின்னழுத்தத்தை (பிராசசருக்குள் ரேம் கட்டுப்பாடு போன்ற பகுதிகளுக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் பயாஸ் வழியாகக் கட்டுப்படுத்தியது. 2024இல் இன்டலின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் நிலைகுலைந்தபோது, ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடு (பிராசசரின் உள்கட்டளைத் திருத்தம்) 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. பழைய பயாஸில் எடுத்த அளவீடு இன்றைய பலகையைப் பற்றியதே அல்ல.

பிறகு, எதையும் மாற்றாமல் பலகை தானாக என்ன செய்கிறது என்று பாருங்கள். தன் பலகை மற்றவற்றைவிட வேகம் என்று காட்ட, மின்வரம்பைத் தானே தளர்த்திவிடும் பலகைகள் பல இருந்தன. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பிராசசரின் மின்வரம்பு என்ன காட்டுகிறது? இன்டலின் 253 வாட்டா, நான்காயிரத்துச் சொச்சமா? இரண்டாவது எனில் அதை வெளிப்படையாக எழுதிவிட்டு, இன்டலின் இயல்பு அமைப்புக்கு மாற்றி எல்லாச் சோதனைகளையும் அதிலேயே நடத்துங்கள். வரம்பு நீக்கிய அளவீட்டைத் தனியாகத் தரலாம். இரண்டையும் கலக்கக் கூடாது.

சுமை

முதலில் பிராசசரைச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளை முப்பது நிமிடம் ஓட்டுங்கள். இது அன்றாடக் கடினச் சுமைக்கு நிகர். அதன் பிறகு, இன்னும் கடுமையாக வேலை வாங்கும் பிரைம்95 மென்பொருளின் 'ஸ்மால் எஃப்எஃப்டி' சோதனை. இதில் வி.ஆர்.எம். வெப்பம் மெதுவாகத்தான் ஏறும், ஏனெனில் ஹீட்சிங்கின் எடை முழுவதும் சூடாக வேண்டும். பத்து நிமிடத்தில் நிறுத்தினால் பெரிய ஹீட்சிங்க் உள்ள பலகை அநியாயமாக நல்ல பெயர் வாங்கிவிடும். தெர்மோகப்பிள் எண் ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரிகூட ஏறாத நிலை வரும்வரை ஓட விடுங்கள்.

இந்த விலைப் பலகையில் 253 வாட் சுமையில் பின்புற வெப்பம் 90 டிகிரிக்குக் கீழே நிற்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பேன். நூறைத் தொட்டால், அது அணைந்துவிடாவிட்டாலும், வடிவமைப்பில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அப்போது உங்கள் தோற்றக் குறிப்புகளுக்குத் திரும்புங்கள்: செதில் இல்லாத கட்டியா, காற்றை மறித்த பிளாஸ்டிக் மூடியா?

மின்னழுத்தத்தையும் இதே நேரத்தில் பார்த்துவிடலாம். அளவீட்டு முனைகள் உள்ள பலகையில் மல்டிமீட்டரை அங்கே வைத்து, சுமையில்லாதபோதும் முழுச் சுமையிலும் பிராசசர் மின்னழுத்தத்தைக் குறியுங்கள். சுமையில் கொஞ்சம் இறங்குவது இயல்பு, தேவையும்கூட. மென்பொருள் காட்டும் எண்ணுக்கும் மல்டிமீட்டர் எண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை எழுதுங்கள். ஓவர்கிளாக் செய்பவர்களுக்கு (பிராசசரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்களுக்கு) இந்த ஒரு வரி போதும், பலகையை வாங்கலாமா என்று முடிவு செய்ய.

ரேம்

பெட்டியில் எழுதிய உச்ச வேகம் இரண்டு ரேம் துண்டுகளுக்கானது. நான்கையும் நிரப்பினால் கதை மாறும்: ரைசன் 7000க்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரப்பூர்வ வேகம் இரண்டு துண்டுக்கு 5200, நான்குக்கு 3600. எனவே இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமை அதன் தயாரிப்பாளர் குறித்த வேகத்தில் ஓட்டும் ஆயத்த அமைப்புகள்) இயக்கி, கணினி தொடங்கிவிட்டது என்பதோடு திருப்தி அடையாமல் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை முழுதாக நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகத்தில் தேறவில்லை என்றே எழுத வேண்டும். பிறகு மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, ஆறிய பின் மறுபடி தொடங்கிப் பாருங்கள். சூடாக இருக்கும்போது தேறிய அமைப்பு குளிர்ந்த தொடக்கத்தில் தடுக்கி விழுவது உண்டு.

மற்ற இணைப்புகள்

எம்.2 ஹீட்சிங்குக்கு ஒரு நீண்ட எழுத்துச் சோதனை கொடுங்கள். நூறு ஜிபிக்குக் குறையாத கோப்பு, ஹீட்சிங்கோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தால் முடிவு தலைகீழாகும். 2.5 கிகாபிட் வலையிணைப்பை ஐபெர்ஃப்3 மென்பொருளால் சோதித்தால் சுமார் 2.35 கிகாபிட் வர வேண்டும். ஒலிக்கு, வெளியீட்டை உள்ளீட்டோடு கேபிளால் இணைத்து ரைட்மார்க் ஆடியோ அனலைசரில் இரைச்சல் அளவைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு முழுச் சுமையில் இருக்கும்போதும் ஒருமுறை. யுஎஸ்பி வாயில்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் பின்தகட்டில் எழுதிய வேகமும் கிடைக்கும் வேகமும் ஒன்றா என்று வேறு வழியில் தெரியாது.

கழற்றிப் பார்த்தல்

எல்லா அளவீடும் முடிந்த பின்பே வி.ஆர்.எம். ஹீட்சிங்கைக் கழற்றுங்கள். முன்னரே கழற்றினால், நீங்கள் அளப்பது தொழிற்சாலை பொருத்தியதை அல்ல, நீங்கள் பொருத்தியதை. பலகை இளஞ்சூட்டில் இருக்கும்போது திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் தெர்மல் பேட் (வெப்பம் கடத்தும் மென்மையான தகடு) கிழியாமல் வரும். சில நிறுவனங்கள் இதை உத்தரவாத மீறலாகக் கருதலாம் என்பதால் நிபந்தனைகளை முதலில் படித்துவிடுங்கள்.

பேடைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பவர் ஸ்டேஜும் தன் சதுர முத்திரையை அதில் பதித்திருக்க வேண்டும், எல்லாம் ஒரே ஆழத்தில். வரிசையின் கடைசி இரண்டு மட்டும் மங்கலாகப் பதிந்திருந்தால் ஹீட்சிங்க் அந்த முனையில் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. இண்டக்டர்களையும் (மின்சுருள்கள்) தொட்டிருக்கிறதா, ஸ்டேஜுகளை மட்டுமா? பவர் ஸ்டேஜின் மேலுள்ள எழுத்தைப் படித்து, விளம்பரத்தில் சொன்ன ஆம்பியர் உண்மையா என்று தயாரிப்பாளரின் தரவுத்தாளில் சரிபார்க்கவும் இதுவே தருணம். கருமை, எண்ணெய்க் கசிவு, நிறம் மாறிய பலகைப் பரப்பு எதுவாக இருந்தாலும் முதல் நாள் எடுத்த படத்தோடு வைத்து ஒப்பிடுங்கள்.

மறுபடி பூட்டும்போது பேட் பழைய இடத்திலேயே உட்கார வேண்டும். கிழிந்திருந்தால் அதே தடிமனில் புதியது போடுங்கள். பிராசசரை எடுத்தவுடன் சாக்கெட்டை இன்னொரு முறை டார்ச் வெளிச்சத்தில் படம் எடுத்து, பிளாஸ்டிக் மூடியை அதன்மேல் மாட்டிவிட்டு, பிறகு பலகையைப் பையில் போடுங்கள்.